ஆறாவது பத்தி

லிஃப்டுக்குள் எட்டுப் பேர்தான் போகலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது பேர் நின்றார்கள். அதில் இருவர் கையில் ஆளுக்கொரு பெட்டி.

லிஃப்ட் ஒரு தரம் முனகியது. கதவை மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஏழு பேர் கூரையைப் பார்த்தார்கள். பெட்டிக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்...

"கடைசியா ஏறினது நீங்கதான் சார்," என்றாள் அவள்.

"நான் ஏறும்போது எட்டு. நீங்கதான் ஒன்பதாவது."

"என் பெட்டி உங்களுக்கு முன்னாடியே உள்ள வந்துடுச்சு."

"சரி, பெட்டி போகட்டும். நீங்க இறங்கிக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்று நாற்பது. ஐந்தாவது மாடியில் வழக்குத் தாள்களைத் தாக்கல் செய்யும் கவுண்டர் நான்கு மணிக்கு மூடிவிடும். நான்கு அடித்து ஒரு நிமிஷம் ஆகிவிட்டால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிரக்கூட மாட்டார். இவனோடு வாதாடிக்கொண்டிருந்தால் ஆகாது என்று விறுக்கென்று வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தால் அவனும் பெட்டியோடு வெளியே நிற்கிறான். ஏழு பேரோடு லிஃப்ட் மேலே போய்விட்டது.

"நீங்க ஏன் இறங்கினீங்க?"

"தெரியல... மனசு கேக்கல."

"அதை லிஃப்ட் இருக்கும்போதே கேட்டிருக்கலாம்."

படியேறினார்கள். இரண்டாவது மாடி வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றான்.

"உங்க ரெண்டு கையும் பெட்டியில இருக்கு. மூணாவது கையை எங்க வச்சிருக்கீங்க?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அவன் கண்கள் வாயைவிட ஒரு நொடி முந்திக்கொண்டன. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

நான்காவது மாடியில் நீதிமன்ற நூலகத்துக்கு அவன் திரும்பிவிட்டான். ஐந்தாவது மாடிக்கு அவள் தனியாக ஏறினாள். மூன்று ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது.

அவள் வக்கீல் இல்லை. வக்கீல்கள் பேசுவதற்கு வேண்டியதையெல்லாம் தேடி, அடுக்கி, பக்க எண் போட்டு, தைத்து, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். விசிட்டிங் கார்டில் பாராலீகல் என்று போட்டிருக்கும். அந்த வார்த்தையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அவள் அம்மா இன்றைக்கும் நடுவில் ஒரு தரம் தடுக்கி விழுவாள். இந்த வேலையில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பேஜ் நம்பர்'. எந்தத் தாளையும் எண் போடாமல் கையைவிட்டு அனுப்ப மாட்டாள். ஒரு பக்க லீவ் லெட்டருக்குக்கூட கீழே '1' என்று போட்டுக் கொடுத்தவள்.

அடுத்த மாதம் அவளை ஆறு பேர் கொண்ட பிரிவுக்குத் தலைவியாக்கப் போகிறார்கள். கதவு வைத்த தனி அறை. வக்கீல் அல்லாத ஒருத்திக்கு அந்த ஆபீஸில் அப்படி ஒரு அறை கிடைப்பது அதுதான் முதல் தடவை. அந்தக் கதவில் எந்த உயரத்தில் காலண்டர் மாட்டுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள்.

கீழே வந்தால் மழை. சும்மா தூறல் இல்லை, ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது. டாக்ஸிக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றது போன். போர்ட்டிகோவில் ஒரே ஒரு மர பெஞ்ச். அதன் ஒரு ஓரத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் அவன்.

"மறுபடியும் நீங்களா?" என்றாள்.

"உக்காருங்க. இங்க எத்தனை பேர்னு பலகை இல்ல."

உட்கார்ந்தாள். தன் பெட்டியை அவன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே பழுப்பு நிற அட்டைப்பெட்டிகள். நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் கடையில் அந்த ஒரு வகைதான் கிடைக்கும். ஊரில் இருக்கிற வக்கீல் ஆபீஸ் எல்லாம் அதைத்தான் வாங்கும். பெட்டியின் குறுகலான பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி வழக்கு எண்ணை மட்டும் எழுத வேண்டும், வேறெதுவும் கூடாது என்பது நீதிமன்ற விதி. அதனால் அவள் தன் பெட்டியின் இடது மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைப்பாள். விதிக்கு உட்பட்ட ஒரு திருட்டுத்தனம்.

"எந்த ஆபீஸ் நீங்க?" என்று ஆரம்பித்தான்.

"கேஸ் விஷயம் வெளியில பேசக் கூடாது சார். ஆபீஸ் பேரும் வேண்டாம்."

"நல்ல பழக்கம். எங்க பெரியவரும் இதைத்தான் சொல்வார்."

அந்த நல்ல பழக்கம்தான் பின்னால் இருவர் தலையிலும் விடியப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மழை பேச வைத்தது. அவன் ஜூனியர் வக்கீல். ஏழு வருஷமாகப் பெரியவருக்குப் பின்னால் பெட்டி தூக்குகிறான். முதல் தடவையாக ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலையை இந்த வாரம் அவனிடம் விட்டிருக்கிறார்கள்.

"நானே எழுந்து, நானே கேள்வி கேக்கணும். ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னாடி கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"கண்ணாடி என்ன பதில் சொல்லுது?"

"எல்லாத்துக்கும் ஞாபகம் இல்லன்னு சொல்லுது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க எதிர்த்தரப்புல ஒருத்தர் இருக்கார்," என்றாள், பேரைச் சொல்லவில்லையே என்கிற தைரியத்தில். "யாருன்னு தெரியாது. ரெண்டு வருஷமா லெட்டர் மட்டும் வரும். வரிக்குப் பத்து கமா. நாங்க அவருக்குக் கமான்னே பேர் வச்சிட்டோம்."

"பாவம், நிதானமான ஆளா இருக்கும்." அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க எதிர்த்தரப்புலயும் ஒருத்தர் உண்டு. அவங்க அனுப்பற தாள்கட்டுல ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கான்னு ரெண்டு வருஷமா தேடறேன். ஒண்ணுகூட இல்ல. அதைக் கட்டற கை யாருதுன்னு ஒருநாள் பாக்கணும்னு இருக்கு."

யாரோ ஒரு முகம் தெரியாத சக தொழிலாளிக்குக் கிடைத்த பாராட்டு. அது தனக்கே கிடைத்ததுபோல் அவளுக்கு இனித்தது. அவன் கண் இமைகளில் சாரல் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தான். யாராவது சொன்னால் தேவலை என்று தோன்றியது. யாராவது என்றால்... அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

சாரல் பெஞ்ச் வரை வந்துவிட்டது. அவன் எழுந்து இரண்டு பெட்டிகளையும் சுவர்ப்பக்கமாக நகர்த்தித் திருப்பி வைத்தான்.

"உங்க பெட்டியில மேல இருந்த தாள்கட்டைப் படியில பாத்தேன். தையல் அழகா இருந்தது. எங்க தைக்கிறீங்க?"

"நானேதான்."

"கத்துக் கொடுப்பீங்களா?"

"அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்."

"எந்த நம்பர்ல?"

இதற்கெல்லாம் அவள் வழக்கமாக வைத்திருக்கும் பதில் வேறு. அன்று அந்தப் பதில் வாய்க்கு வரவில்லை. கைக்குத் தாள் கிடைக்கவில்லை. பெட்டி மூலையிலிருந்த மஞ்சள் சீட்டை உரித்தாள். நம்பரை எழுதிக் கொடுத்தாள். அவன் அதை அடையாள அட்டையின் உறைக்குள் பத்திரமாகச் செருகினான்.

டாக்ஸி ஹாரன் அடித்தது. அவள் அவசரமாக எழுந்தாள். கண் பழக்கத்தில் மஞ்சளைத் தேடியது. இரண்டு பெட்டியிலும் மஞ்சள் இல்லை. கைக்கு எட்டியதைத் திருப்பி வழக்கு எண்ணைப் படித்தாள். சரியாக இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள்.

*

ஐந்து பத்துக்கு ஆபீஸில் பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு நோட்டுப் புத்தகம். தெரியாத கையெழுத்து. "வாதி தரப்பு முதல் சாட்சியிடம் கேட்க வேண்டியவை" என்று தலைப்பு.

வாதி தரப்பு என்றால் அவர்கள் ஆபீஸ்தான்.

பதினெட்டு மாடிக் குடியிருப்பில் நடுவழியில் அடிக்கடி நின்றுபோகும் லிஃப்டைப் பற்றிய வழக்கு. குடியிருப்போர் சங்கத்துக்கு இவர்கள் வக்கீல். லிஃப்ட் கம்பெனிக்கு அவர்கள். இரண்டு வருஷம் முழுக்கக் காகிதத்திலேயே நடந்த வழக்கு. அதனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வழக்கு எண் சரியாகத்தான் இருக்கும். ஒரே வழக்கின் இரண்டு பக்கத்துக்கும் எண் ஒன்றுதானே!

அப்படியானால் கமா... அவன். ஒரு பக்கமும் விடாமல் கட்டும் அந்தக் கை... இவளுடையது.

ஒரு விநாடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த விநாடி நிலைமை உறைத்தது. எதிர்த்தரப்பின் ரகசியக் குறிப்பு கையில் இருக்கிறது. தங்கள் சீனியர் மேடத்தின் குறிப்புகள் மொத்தமும் அவன் கையில். தலைப்பைத் தாண்டி ஒரு வரி படிக்கவில்லை. மூடினாள், டேப் ஒட்டினாள், டேப்பின் மேல் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உடனே போய் மேடத்திடம் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

போகவில்லை. அவனிடம் நம்பர் இருக்கிறதே... இப்போது கூப்பிடுவான். "பெஞ்சுக்கு வாங்க, மாத்திக்கலாம்" என்பான். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். போனை மேஜை மேல் முகம் தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு மேடம் கூப்பிட்டாள். அறுபது வயது. சத்தம் போடும் வழக்கம் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கழற்றியிருந்தாள். திரையில் எதிர்த்தரப்புப் பெரியவரின் கடிதம்: பெட்டிகள் மாறிவிட்டன, முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புகிறோம், இரு தரப்பிலும் சம்பந்தப்பட்டவர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"அஞ்சு பத்துக்கு மேடம்."

"முப்பது நிமிஷம் எதுக்காகக் காத்திருந்தே?"

ஒரு போனுக்காக என்றா சொல்ல முடியும்? டேப் ஒட்டிய பெட்டியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள்.

"வர்ற திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் கொடு. அந்த அறை விஷயத்தை... அப்புறம் பாக்கலாம்."

*

அவளுடைய அக்கா பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பது அவளுக்குத் தொழில். சாப்பாட்டு மேஜையில் பத்து நிமிஷத்தில் விஷயம் முழுவதையும் பிடுங்கிவிட்டாள்.

"இப்ப உனக்கு எதுல கோபம்? பெட்டி மாறினதுலயா, அவன் போன் பண்ணாததுலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணுன்னா நீ இவ்வளவு நேரம் பெட்டியைப் பத்தித்தானே பேசியிருப்பே?"

"நேரா பெரியவர்கிட்ட போய் ஒப்பிச்சிருக்கான் அக்கா. நம்பர் கையில இருக்கு. ஒரு போன்! அவ்வளவு பெரிய யோக்கியன்னா நம்பர் எதுக்குக் கேட்டான்?"

"சரி, அவன் மூஞ்சியிலேயே முழிக்காதே. விட்டுத் தள்ளு."

"விட்டுத் தள்ளிட்டேன்," என்றாள். போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

விளக்கத்தின் முதல் வரைவை அன்றே எழுதினாள். "பெட்டிகள் ஒரே தோற்றத்தில் இருந்தமையாலும், கனமழை காரணமாகவும் மாறிப்போயின." யாரும் மாற்றவில்லை, தாமாகவே மாறிக்கொண்டன என்கிற மாதிரி ஒரு வாக்கியம். ஒன்பது வருஷத்தில் இப்படி எழுத நன்றாகக் கற்றிருந்தாள். மஞ்சள் சீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மேடம் மன்னித்துவிடுவாள். அறையும் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை விசாரணை தொடங்கியது. மேடத்துக்குப் பின்னால் கட்டுகளோடு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டு... ஆனால் அவன் இல்லை. வேறு யாரோ. அவளையும் மீறித் தலை திரும்பியது. கடைசி வரிசையில், பார்வையாளர்கள் நடுவில், கையில் ஒன்றுமில்லாமல் அவன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பெட்டிகூட இல்லை.

அவன் அவளைப் பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

சங்கத்துச் செயலாளர்தான் முதல் சாட்சி. அவரிடம் மேடம் கேட்டு முடிக்கவே பொழுது போய்விட்டது. குறுக்கு விசாரணை செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் மேடம் ஒரு தாளை நீட்டினாள்.

"அந்தப் பையனோட விளக்கம். படிச்சுட்டு உன்னோடதை எழுது."

வரிக்குப் பத்து கமா இருந்தது. மழைச்சாரல் படாமல் இருக்க, பெட்டிகளை, நான்தான் நகர்த்தி, திருப்பி வைத்தேன். மாறியதற்கு, நானே, முழுப் பொறுப்பு. வாதி தரப்பு ஊழியர்மீது, எந்தத் தவறும் இல்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை. சீட்டைப் பற்றி அவனும் ஒரு சொல் எழுதவில்லை. எழுதியிருந்தால் பாதிப் பழி அவள்மேல் விழுந்திருக்கும். குறுக்கு விசாரணை அவன் கையைவிட்டுப் போயிருக்காது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றபடியே அழுதாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் அழுதாள். நீதிமன்றத்தில் அழுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

*

திங்கட்கிழமை காலை மேடத்தின் மேஜையில் இரண்டு பக்கம் வைத்தாள். இரண்டிலும் எண் போட்டிருந்தது. மேடம் ஐந்தாவது பத்தி வரை சாதாரணமாகப் படித்தாள். ஆறில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"6. என் பெட்டியை அடையாளம் காண அதன் இடது மூலையில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைப்பது ஒன்பது ஆண்டுகளாக என் வழக்கம். அன்று மாலை சுமார் 4.25 மணிக்கு அந்தச் சீட்டை நானே உரித்து, அதில் என் தொலைபேசி எண்ணை எழுதி, மேற்படி ஜூனியர் வக்கீலிடம் கொடுத்தேன். அலுவல் காரணமாக அல்ல. அவர் என்னை அழைக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பெட்டி மாறியதற்கும், மாறியது தெரிந்தபின் நான் முப்பது நிமிடம் தாமதித்ததற்கும் இதுவே காரணம்.

7. அவர் அழைக்கவில்லை."

மேடம் தாளைக் கீழே வைத்தாள்.

"ஏழாவது பத்தி எதுக்கும்மா?"

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பெட்டியை மாத்தினோம்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது மேடம். அது அவருக்கு ஆபத்து."

"ஆறாவது?"

"அது இல்லாம ஏழாவது நிக்காது."

மேடம் தாளைத் தட்டிக் காட்டினாள். "இதை எதிர்த்தரப்புப் பெரியவரும் படிப்பார். எதையும் சத்தம் போட்டுப் படிக்கிற மனுஷன். அவங்க ஆபீஸ் முழுக்கக் கேக்கும்."

"தெரியும் மேடம்."

"அந்த அறை இந்த வருஷம் இல்ல. லிஃப்ட் கேஸ்லேருந்தும் உன்னை எடுத்துடணும். இனிமே அந்தத் தாளை நீ தொடக் கூடாது, யாருகிட்டயும் அதைப் பத்திப் பேசக் கூடாது."

இதுவும் தெரியும் என்று சொல்லத்தான் நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். காலண்டர் மாட்ட நினைத்த உயரம் ஞாபகம் வந்தது. வலித்தது. கையெழுத்து மட்டும் கோணாமல் விழுந்தது.

*

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவ் போட்டாள். வழக்கில்தான் இல்லை, கடைசி வரிசையில் உட்கார யார் தடுக்கப்போகிறார்கள்? அவன் போன வாரம் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தாள்.

குறுக்கு விசாரணைக்கு அவனே எழுந்தான். அவளுடைய விளக்கம் அந்த வேலையை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துகொண்டார். அவன் கையிலிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அன்னைக்கு, லிஃப்ட் நின்னப்போ, உள்ள, எத்தனை பேர் இருந்தீங்க?"

பேச்சிலும் கமா! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் இல்லைங்க," என்றார் செயலாளர்.

கண்ணாடி சொன்ன அதே பதில். அவன் தடுமாறுவான் என்று அவள் பயந்தாள். அவன் தாளைக் கீழே வைத்தான்.

"வாதி தரப்புக் கட்டு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. நீங்களே எழுதின புகார் கடிதம். அதில் இருக்கிற பெயர்களை எண்ணிச் சொல்லுங்க."

செயலாளர் எண்ணினார். "ஒன்பது."

"லிஃப்ட் பலகையில் எத்தனை பேர்னு எழுதியிருந்தது?"

"...எட்டு."

"கடைசியா ஏறினது யார்?"

செயலாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தாள். "நான்தாங்க," என்றார்.

அரங்கில் சிரிப்பு. அவள் தரப்புக்குச் சரியான அடி. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு பழைய கோப்பிலிருந்து தேடி எடுத்து எண் போட்டுச் சேர்த்தவளே அவள்தான். ஆத்திரமாக வந்தது. அதோடு, யாரிடமாவது "பாத்தீங்களா, என்ன போடு போட்டார்!" என்று சொல்லவேண்டும்போல் பெருமையாகவும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கீழே... சொல்லவா வேண்டும்? மழை.

அதே பெஞ்ச். பத்து நிமிஷத்தில் படியில் தடதடவென்று சத்தம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத கால்கள். அவன் வந்து எதிரே நின்றான். மூச்சு வாங்கியது.

"கேஸ் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க," என்றாள் முந்திக்கொண்டு. "நான் இப்ப அந்தக் கேஸ்ல இல்ல."

"தெரியும். அதான் ஓடி வந்தேன்."

"நம்பர் இருந்ததுல்ல? ஏன் கூப்பிடல?"

"பெட்டியைத் திறந்ததும் நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தாலும், பெட்டி தற்செயலா மாறிச்சுன்னு ஒருத்தர் நம்ப மாட்டாங்க. முதல்ல போறது உங்க வேலைதான்."

"அதையாவது சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? கூப்பிட்டாத்தானே சொல்ல முடியும்!"

அவள் சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை.

அவன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். உறைக்குள் மஞ்சள் சீட்டு அப்படியே இருந்தது. ஒட்டும் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தூசி.

"பெரியவர் உங்க விளக்கத்தைப் படிச்சார். சத்தமா. ஆறாவது பத்தியை ரெண்டு தடவை."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "எல்லாரும் கேட்டாங்களா?"

"காபி மெஷின் பக்கத்துல இருந்தவங்க வரைக்கும். படிச்சு முடிச்சிட்டு என்னைப் பாத்துக் கேட்டார், 'நீ அந்தப் பொண்ணை விரும்பறியாடா?'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு... மன்னிச்சுக்குங்க."

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் அவளுக்குக் கேட்டது.

"என்கிட்ட இன்னும் சொல்லலையே," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். சாட்சியிடம்கூட இவ்வளவு பயப்படவில்லை. "எனக்கு... உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

"ரெண்டு கமா," என்றாள். குரல் உடைந்திருந்தது.

"குறைச்சுக்கறேன்."

"வேண்டாம்... இருக்கட்டும்."

அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். எதிர்த்தரப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாரோடாவது நெருக்கம் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். இதைக் கொடுத்தால்தான் வழக்கு முடியும்வரை அவர்கள் ஒளிந்து மறையாமல் சந்திக்கலாம். எல்லாக் கட்டங்களையும் பூர்த்தி செய்திருந்தான். ஒரு வரி மட்டும் காலி. 'உறவின் தன்மை.'

"நேத்து சாயங்காலத்துலேருந்து இந்த ஒரு வரியிலேயே நிக்கிறேன். நான் பாட்டுக்கு எழுதிட முடியாது. நீங்க சொல்லணும்."

அவள் பேனாவை வாங்கினாள். பெஞ்சின் மேல் தாளை வைத்து, சாரல் படாமல் குனிந்து, அந்த வரியில் 'காதல்' என்று எழுதினாள். கீழே அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள்.

"ஒருத்தர் போட்டாலே போதும்," என்றான் அவன் மெதுவாக.

"எனக்குப் போதாது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்குப் படியேறும்போதே பிடிச்சிடுச்சு. அந்த அறை போனதுக்குக்கூட அவ்வளவு அழல. உங்களைக் கடைசி வரிசையில பாத்ததுக்குத்தான் அழுதேன்."

சொல்லி முடித்ததும் பேனா இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். தாளைத் திருப்பி ஒருமுறை சரிபார்த்தாள். கை பழக்கத்தில் கீழே வலது மூலைக்குப் போனது. '1' என்று எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "ஒரே ஒரு பக்கம்தானே... இதுக்கு எதுக்கு நம்பர்?"

"அடுத்த பக்கம் வரும்ல," என்றாள்.